போன ஊருக்கே மறுபடியும் போவோம்

(சபையின் ஸ்தோத்திரப் பண்டிகைக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன். நேரமில்லாமல் விட்டுப்போன ஒன்றிரண்டு வரிகளை மட்டும் சேர்த்திருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் பேராயர் அவர்களே, எங்கள் போதகர் ஐயா அவர்களே, சபைச் செயலர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளே, மழை வரும்போல இருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் சபையாரே, அனைவருக்கும் தோத்திரம்.

பேராயர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லாமல் பேச்சைத் தொடங்கக்கூடாது. 2015ல் நிலநடுக்கத்தில் இடிந்த நேபாளத்துக்கு உதவிக்குப் போக அனுமதிக் கடிதம் கேட்டு அவர்கள் முன்னால் போய் நின்றேன். "எத்தனை பேர் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "ஏழு பேர்தான் ஐயா" என்று தயங்கிச் சொன்னேன். "ஏழு பேர் என்றால் ஒரே பாத்திரத்தில் சமைக்கலாம், போய் வாருங்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். பொருளாளர் ஐயா அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்கு எங்களுக்காக அலுவலகத்தைத் திறந்து பயணப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். தலைவி அம்மா ஏழு கம்பளிகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கம்பளிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அம்மாவுக்கு அதில் சந்தோஷமே என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு என்னை மூன்று விஷயங்கள் பேசச் சொன்னார்கள். வெளிநாட்டு ஊழியத்துக்கு எப்படித் தயாராவது, அங்கே போய் என்ன வேலை செய்வது, அங்கே கிடைக்கிற நட்பை எப்படிக் காப்பாற்றுவது. மூன்றையும் பேசுகிறேன். அதற்கு முன்னால் நம் பெரியவர்கள் சொன்ன ஒரு பழமொழி: "அகல உழுவதை விட ஆழ உழு." இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இங்கேதான் வரப்போகிறேன்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். அதனால் சபை கூடுவதும் சனிக்கிழமைதான். பகல் 11:56க்குப் பூமி ஆடியபோது பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தது அதனால்தான். ஆனால் ஆலயங்களில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். நிலநடுக்கத்தின் அளவு 7.8. நாடு முழுக்க ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். சிந்துபால்சோக் என்ற ஒரே மாவட்டத்தில் மட்டும் 3,400 பேருக்கு மேல். மே 12ஆம் தேதி மறுபடியும் ஓர் ஆட்டம், அது 7.3.

ஜூன் முதல் வாரம் நாங்கள் அந்த மாவட்டத்துக்குப் போனோம். ஒரு கொத்தனார் அண்ணன், ஒரு செவிலியர் அக்கா, ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, கல்லூரித் தம்பிகள் இரண்டு பேர், அப்புறம் நான். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சோனௌலி எல்லை. இந்தியருக்கு விசா வேண்டாம். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காத்மாண்டு போய், அப்புறம் அந்த மாவட்டத்தின் தலைநகரான சௌதாராவுக்கு மேலே மலைப்பாதையில் இரண்டு மணி நேர நடை. தாமாங் மக்கள் நிறைந்த சின்னக் கிராமம்.

தயாரிப்பைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். அந்த நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். 2015 அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. நாம் கைப்பிரதி கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடுவோம். பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஊர்ப் போதகர். இடிந்த வீட்டில் நிற்கிறவனுக்குத் தகரம் கொடுத்துவிட்டு "சனிக்கிழமை சபைக்கு வா" என்று சொல்வது, சட்டம் தடுக்காவிட்டாலும் தப்பு. தகரத்தைக் கொடுத்தால் தகரத்தை மட்டும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பாஷை. இங்கேதான் எங்களோடு வந்த கல்லூரித் தம்பி ஒருவனின் கதை வருகிறது. அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அந்த மலையில் கைபேசி சிக்னல் ஒரே ஒரு இடத்தில்தான் கிடைக்கும். ஒரு பாட்டியின் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒரு பாறை மேல். தம்பிக்கு வீட்டில் அம்மா தினமும் சாயங்காலம் கூப்பிடுவார்கள். இவன் பாறை மேல் ஏறி உட்கார்ந்து பேசுவான். அம்மாக்கள் என்ன கேட்பார்கள்? சாப்பிட்டாயா, தூங்கினாயா, போர்த்திக்கொண்டாயா. இவனும் "ஆமா... ஆமா... ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். முதல் நாள் அந்தப் பாட்டி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து "ஹஜுர்?" என்றார்கள், "என்னங்க?" என்று கேட்பதுபோல. இவன் கவனிக்கவில்லை. மறுநாள் வெளியே வந்து பாறைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் வறுத்த மக்காச்சோளம் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டு, அவன் போனை வைக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். இவன் ஒவ்வொரு "ஆமா"வுக்கும் அவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. செவிலியர் அக்கா, "பாட்டிக்குக் காது சரியில்லையோ, பார்க்கிறேன்" என்று கூடச் சொன்னார்கள்.

நான்காம் நாள்தான் ஊர்ப் போதகர் விஷயத்தை உடைத்தார். நேபாளியில் "ஆமா" என்றால் அம்மா! வயதான பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு பையன் தினமும் தன் வாசலில் உட்கார்ந்து "அம்மா, அம்மா, அம்மா" என்று இருபது தடவை கூப்பிடுகிறான் என்று அந்தத் தாய் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னொன்றும் கேளுங்கள். அண்ணனை அங்கே "தாய்" என்பார்கள். அங்கே அண்ணன் தாய், தாய் ஆமா! அவர்களுடைய சொந்த மகன் மலேசியாவில் வேலையில் இருந்தான். ஊர் இடிந்தபோது வர முடியவில்லை. தம்பி வெட்கப்பட்டு, போதகரை வைத்து விளக்கிச் சொன்னான். "எங்கள் பாஷையில் அது சரி என்று சொல்வது, உங்களைக் கூப்பிடவில்லை" என்று. பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "சரி, இனிமேல் என்னையும் சேர்த்துக் கூப்பிடட்டும்."

அன்றையிலிருந்து அவன் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கொட்டகைக்குப் போவான். கல் பொறுக்கிய களைப்பெல்லாம் அங்கேதான் தீரும்.

வேலையைப் பற்றியும் சொல்லச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் கட்டிக் கொடுக்கப் போவதாக நினைத்துப் போனோம். அங்கே தேவைப்பட்டது இடிபாட்டை அள்ளுவதற்குக் கைகள். கல் வேறு, மரம் வேறு, மண் வேறு என்று பிரித்து வைத்தோம். அங்கே விழுந்தவை பெரும்பாலும் கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய வீடுகள். சுவரின் வெளிமுகத்தையும் உள்முகத்தையும் இழுத்துப் பிடிக்கிற நீளக் கல் குறுக்கே இல்லாவிட்டால், ஆட்டத்தில் சுவர் இரண்டாகப் பிளந்துவிடும். இதை நம் கொத்தனார் அண்ணன் கற்றுக்கொண்டது அந்த ஊர்க் கொத்தனாரிடம். அவரை நாங்கள் மிஸ்திரி தாய் என்போம். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஒருவர் தூக்குக்குண்டைப் பிடிப்பார், மற்றவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கையால் "இன்னும் கொஞ்சம்" என்பார். மாலைக்குள் சிநேகிதராகிவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது பத்து நாள் பயணம், ஐம்பது புகைப்படம். எங்கள் கொத்தனார் அண்ணன்தான் விடவில்லை. "நான் அவரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், போயாக வேண்டும்" என்றார். அகல உழுவதை விட ஆழ உழு. 2016 நவம்பரில் அதே ஏழு பேரும் அதே மலையில் ஏறினோம்.

நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் அப்போது மலை மேல் இருக்கிறோம். திரும்பி வருவதற்கு வைத்திருந்ததெல்லாம் இந்திய 500 ரூபாய் நோட்டு. விடிந்தால் அதை யாரும் தொடுவதில்லை. கையில் நாலைந்து நூறு ரூபாய்த் தாள் மிச்சம். ஏழு பேர் எல்லை வரை போக வேண்டும். உதவி செய்யப் போனவர்கள் நடுத்தெருவில் நிற்கிறோம்.

மிஸ்திரி தாய் வீட்டுக்குள் போய் ஒரு துணி முடிச்சோடு வந்தார். அவிழ்த்து எண்ணினார். 7,000 நேபாள ரூபாய். வீடு கட்ட அந்த அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் தருவதாகச் சொல்லி மூன்று தவணையாகக் கொடுத்தது. முதல் தவணை 50,000. அந்தப் பணத்திலிருந்துதான் எடுத்தார். அவர் குடும்பம் அப்போதும் தகரத்துக்குக் கீழேதான் படுத்திருந்தது. நம் அண்ணன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மிஸ்திரி தாய் அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, பணத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "உடுக்கை இழந்தவன் கைபோல" என்று வள்ளுவர் சொன்ன கை அதுதான். பணத்தை அடுத்த பயணத்தில் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொள்ளவே அரை நாள் ஆயிற்று.

பேராயர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, இதற்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன். வருடம் ஒரு நாடு, வருடம் ஒரு புதுக் குழு என்று திட்டம் போடுகிறோம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் வருடம் போகிறவன் விருந்தாளி. இரண்டாம் வருடம் போனால்தான் அவனிடம் கடன் கொடுக்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள், மகன் போனில் பேசவில்லை என்று அழுகிறார்கள். நேபாளி வேதாகமத்துக்காக உழைத்த கங்கா பிரசாத் பிரதானை நினைத்துப் பாருங்கள். 1914ல் முழு வேதாகமம் அச்சில் வரும்வரை ஆண்டுக்கணக்காக அந்த ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அகல உழுவதை விட ஆழ உழு.

நட்பைக் காப்பது பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. செயலர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே நேராகத் தீர்மானத்துக்கு வருகிறேன். நம் சபை வெளிநாட்டு ஊழியத்துக்கு ஒரே ஒரு ஊரைப் பத்து வருடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏழு பேரில் மூன்று பேராவது முன்னால் போனவர்களாக இருக்க வேண்டும். போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் அந்த ஊர்ப் பாஷையைப் படிக்க வேண்டும். அந்தத் தம்பி இப்போது சுமாராக நேபாளி பேசுகிறான், சனிக்கிழமை மாலையில் வகுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறான். ஆறு மணிக்கு மேல்தான் வருவான். அதற்கு முன் அவன் மலைக்குப் போன் போட வேண்டும்.

தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கை தூக்குங்கள்.