காப்பும் காப்புறுதியும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் அக்காவும் திருகோணமலைக் கோணேசரை வணங்கிவிட்டு, திருச்சிக்கும் சிதம்பரத்துக்கும் யாத்திரை புறப்பட்டோம். விபூதிப் பொட்டலம் முதல் பிரஷர் குளிசை வரை எல்லாவற்றையும் எண்ணி எண்ணி எடுத்துவைத்தோம். பயணக் காப்புறுதி மட்டும் நினைவுக்கே வரவில்லை.

திருச்சியில் மூன்றாம் நாள் இரவு அக்காவுக்கு நெஞ்சுவலி. அருகில் இருந்த தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க முன்பணம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது பாதிதான். மீதியைக் காலையில் கட்டச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா படுத்தபடியே இரு கைகளையும் நீட்டினார். முப்பது வருடமாகக் கழற்றாத காப்புகள். மணிக்கட்டைத் தாண்டி வர மறுத்தன. தாதி சவர்க்காரம் பூசி, மெல்லத் திருகித் திருகிக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்தார். நுரை காயாத அந்தக் காப்புகளைப் பொத்திக்கொண்டு, நகைக்கடை எப்போது திறக்கும் என்று தெருவில் நின்ற அந்த விடியலை என்னால் மறக்க முடியவில்லை. அக்கா பிழைத்தார். காப்புகள் போய்விட்டன.

இங்கே இலங்கையில், அரசாங்க வைத்தியசாலையில் நம்மிடம் யாரும் முன்பணம் கேட்பதில்லை. இலவச வைத்தியத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான், கட்டுநாயக்கவில் விமானம் ஏறியதும் அந்த நிழல் நம்மை விட்டு நீங்கிவிடுகிறது என்பது நமக்கு உறைப்பதில்லை.

சில நாடுகள் பயணக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா கேட்பவர் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். போன இடத்தில் உயிர் பிரிந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் அந்தத் துயரத்தின் நடுவில் பணத்துக்கு அலையும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கனடாவில் பிள்ளைகளோடு தங்கப் போகும் பெற்றோர் கேட்கும் சூப்பர் விசாவுக்கோ, குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு, ஓராண்டுக்குக் குறையாத காப்புறுதி வேண்டும்.

நம்மில் பலர் இதை விசாவுக்கான ஒரு கடதாசி என்று மட்டுமே எண்ணுகிறோம். எனக்கு வருத்தம் அதுதான். என் உறவினர் ஒருவருக்குப் படிவம் நிரப்பிய முகவர், சலரோகம் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அடையாளமிட்டுவிட்டார். கட்டணம் குறையுமாம். உறவினரும் பேசாமல் கையெழுத்து வைத்தார். போன நாட்டில் அவர் வைத்தியசாலையில் படுத்தபோது, நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. நட்டஈடு இல்லை என்று கடிதம் வந்தது. மகன் இன்னும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறான். நேயர்களே, உங்கள் நோயை மறைக்காதீர்கள். படிவத்தை நீங்களே வாசியுங்கள். முடியாவிட்டால் வீட்டில் படித்த பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எவற்றுக்குப் பணம் கொடுக்கமாட்டார்கள் என்ற பகுதியையும் பாருங்கள். பல சாதாரணக் காப்புறுதிப் பத்திரங்கள் ஆழ்கடல் சுழியோடலை ஏற்பதில்லை. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போய்ச் சுழியோடும் வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். உப்புவெளியில் விடுதி நடத்துகிறவர்கள் தங்கள் விருந்தினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் நல்லது. பெட்டி வந்து சேராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துப் பிரதியை வாங்குங்கள். நிறுவனத்தின் அவசர இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் மட்டுமல்ல, ஒரு தாளிலும் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள்.

அக்கா இப்போது மகளிடம் கனடாவுக்குப் போக ஆயத்தமாகிறார். இருதய நோய், சலரோகம், குடிக்கும் குளிசைகள் என்று அவர் சொல்லச் சொல்ல, படிவத்தை நானே எழுதினேன். கட்டணம் கூடியது. அந்த நிறுவனத்தின் நிபந்தனைப்படி, புறப்படும் நாளுக்கு முந்தைய 90 நாள்களில் மருந்து மாறியிருக்கக் கூடாது. சென்ற மாதம்தான் வைத்தியர் ஒரு குளிசையின் அளவைக் கூட்டியிருந்தார். மகள் தொலைபேசியில் அழுதாள். அக்கா நாட்காட்டியை எடுத்து, மூன்று மாதம் தள்ளி ஒரு திகதியைக் குறித்துக்கொண்டார்.

வணக்கம்.