கையுறைக்காரரின் மகன்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆக்கியது பெரிதும் அவர் படித்த நூல்களா, அவர் வாழ்ந்த அன்றாட வாழ்க்கையா என்பது இன்றைய தலைப்பு. வாழ்க்கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஹாலின்ஷெட்டின் இங்கிலாந்து வரலாறு, பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க்கின் வாழ்க்கை வரலாறுகளுக்குத் தாமஸ் நார்த் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆர்தர் புரூக்கின் ரோமியோ கவிதை என்று ஷேக்ஸ்பியர் கதை எடுத்த மூன்று நூல்களை எடுத்துவைத்தார். இவற்றை நீக்கிவிட்டால் ஷேக்ஸ்பியரிடம் என்ன மிஞ்சும் என்று கேட்டார். கதை மிஞ்சாது, ஒப்புக்கொள்கிறேன். கிளியோபாட்ரா படகில் வரும் வருணனையை நார்த்தின் உரைநடையை ஒட்டியே அவர் எழுதினார் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நூல்கள் மற்றவர்களுக்கும் கிடைத்தனவே! அவர் காலத்து நாடகாசிரியர்களான மார்லோவும் கிரீனும் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர்கள். இவரோ பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். 1623-இல் சக நாடகாசிரியர் பென் ஜான்சன் எழுதிய புகழ்க்கவிதையிலேயே, இவருக்கு லத்தீன் கொஞ்சம், கிரேக்கம் அதைவிடக் குறைவு என்றுதான் வருகிறது. ஆகவே நூலில் இல்லாத எதை இவர் மேடைக்குக் கொண்டுவந்தார் என்று பார்ப்பதே நியாயம்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். 1564-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்தவர். தந்தை ஜான், ஹென்லி தெருவில் தோல் பதனிட்டுக் கையுறை தைத்து விற்றவர். சட்டத்துக்கு மாறாகக் கம்பளி வாங்கி விற்றதாக 1572-இல் அவர்மீது வழக்கு. இந்தப் பட்டறை மகனின் எழுத்தில் எப்படி வந்து உட்காருகிறது, பாருங்கள். 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் குவிக்லி அம்மாள் ஒருவருக்கு அடையாளம் கேட்கிறாள்: "கையுறைக்காரரின் தோல் சீவும் கத்தி போலப் பெரிய வட்டத் தாடி வைத்திருப்பாரே, அவரா?" அந்தக் கத்தியின் அலகு வட்டமானது என்பதைப் புளூடார்க்கா சொல்லிக்கொடுத்தார்? 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்துக் கோமாளிக்கோ, ஒரு வாக்கியமே ஆட்டுக்குட்டித் தோல் கையுறையாகிவிடுகிறது. கெட்டிக்காரன் கையில் அது நொடியில் உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பிவிடுமாம்.

கம்பளிக்கும் சாட்சி இருக்கிறது. 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் இடையனின் மகன் மேடையில் நின்று கணக்குப் போடுகிறான். பதினொரு கிடாய்க்கு ஒரு பொதி கம்பளி, பொதிக்கு ஒரு பவுண்டுப் பணமும் சில்லறையும், ஆயிரத்து ஐந்நூறு ஆட்டுக்குக் கத்தரித்தால் எவ்வளவு? மனக்கணக்கு வரவில்லை. அதை விட்டுவிட்டுத் திருவிழா விருந்துக்கு வாங்க வேண்டியதை முணுமுணுக்கிறான்: சர்க்கரை மூன்று பவுண்டு, உலர்திராட்சை ஐந்து பவுண்டு, அரிசி, குங்குமப்பூ, ஜாதிக்காய் ஏழு, இஞ்சி. நாடகத்துக்கு மூலமான கிரீனின் கதையில் இந்தக் கம்பளிக் கணக்கும் இல்லை, மளிகைப் பட்டியலும் இல்லை.

'ரோமியோ ஜூலியட்' முழுக்கப் புரூக்கின் சொத்து என்றார் எதிரணித் தலைவர். ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று சொல்லும் கடிதம் ரோமியோவுக்குச் சேராமல் போவதற்குக் கொள்ளைநோய்தான் காரணம் என்பது புரூக்கிலும் உண்டு; மறைக்கவில்லை. ஆனால் அங்கே மடத்தில் ஒரு துறவி நோயில் இறக்கிறார், மற்றவர்கள் வெளியேறக் கூடாது என்று தடை விழுகிறது. அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரிடம் நகரத்துச் சோதனைக்காரர்கள் வருகிறார்கள். கடிதம் கொண்டுபோக வேண்டிய துறவி நோய் கண்ட வீட்டில் இருந்ததாகச் சந்தேகப்பட்டு, கதவை அடைத்து முத்திரை வைக்கிறார்கள். இது வெரோனாவே அன்று, லண்டன். அங்கே நோய் கண்ட வீடுகள் அப்படித்தான் பூட்டப்பட்டன. 1592 முதல் 1594 வரை பெரும்பகுதி நாடக அரங்குகளும் மூடிக் கிடந்தன. இவர் பிழைப்பே நின்றுபோன காலம் அது. அது முடிந்த கையோடு எழுதிய நாடகத்தில்தான் அடைத்த கதவு இரண்டு உயிர்களைக் குடிக்கிறது.

நான் மிகவும் நேசிக்கும் காட்சிக்கு வருகிறேன். 'நான்காம் ஹென்றி' முதல் பாகம். ரோச்செஸ்டரில் ஒரு சத்திரத்து முற்றம், விடியாத வேளை. கையில் விளக்குடன் பொதிக்குதிரைக்காரர் இருவர். குதிரைக்குப் போட்ட பட்டாணியும் அவரையும் நமத்துக் கிடக்கின்றன என்கிறான் ஒருவன். லண்டன் சாலையிலேயே தெள்ளுப்பூச்சிக்குப் பேர்போன சத்திரம் இதுதான் என்று அலுத்துக்கொள்கிறார்கள். லாயக்காரன் ராபின் செத்ததிலிருந்து இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டதாம். "பாவம், ஓட்ஸ் விலை ஏறியதிலிருந்து அவன் முகத்தில் மலர்ச்சியே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது" என்கிறான் மற்றவன்.

அந்த ராபின் மேடைக்கு வருவதே இல்லை. அவனால் கதை ஓர் அடிகூட நகர்வதில்லை. ஆனாலும் விலைவாசியால் மனம் ஒடிந்து செத்த ஒரு கூலிக்காரன் இரண்டே வரியில் நம் கண்முன் நிற்கிறான். நாடகம் எழுதப்பட்டது 1596, 1597 வாக்கில். 1594 முதல் தொடர்ந்து மழை கெடுத்து விளைச்சல் பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்த ஆண்டுகள் அவை. இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் குதிரைக்காரனின் கூடையில் தீனியில்லாமல் வாடும் வான்கோழிகள் இருக்கின்றன. கதை நடப்பது 1403-ஐ ஒட்டி. வான்கோழி இங்கிலாந்துக்கு வந்ததோ 16ஆம் நூற்றாண்டில். ஹாலின்ஷெட்டைப் பார்த்து எழுதினால் வான்கோழி வந்திருக்காது. தன் காலத்துச் சாலையைப் பார்த்து எழுதியதால் வந்தது.

கடைசியாக, புளூடார்க்கைக் கொண்டே பேசுகிறேன். 'கொரியோலேனஸ்' கதையில் ரோமானியக் குடிமக்கள் முதலில் கிளர்ந்தெழுவது கடன் வட்டிக் கொடுமையால் என்கிறார் புளூடார்க். தானியச் சண்டை அவரிடம் பிறகுதான் வருகிறது. ஷேக்ஸ்பியர் வரிசையை மாற்றுகிறார். திரை விலகியதும் தடியேந்திய மக்கள் தானியத்துக்காகக் கத்துகிறார்கள். நாங்கள் பட்டினி கிடக்க அவர்கள் கிடங்குகள் நிரம்பி வழிகின்றன என்று குமுறுகிறார்கள். ஏன் இந்த மாற்றம்? நாடகம் எழுதப்பட்டது ஏறக்குறைய 1608. அதற்கு முந்தைய ஆண்டுதான், பொது நிலங்களை நிலக்கிழார்கள் வேலியிட்டு அடைத்துக்கொள்வதையும் தானியத் தட்டுப்பாட்டையும் எதிர்த்து மத்திய இங்கிலாந்து உழவர்கள் எழுந்தார்கள். இவருடைய சொந்த மாவட்டமான வார்விக்‌ஷையரும் அதில் அடக்கம்.

அந்தக் குமுறலை எழுதியவர் யார் என்பதையும் அவை அறிய வேண்டும். 1598-இல், பஞ்ச விலையின்போது, ஸ்ட்ராட்ஃபோர்டில் யார் வீட்டில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் பலரின் பெயர்களோடு ஷேக்ஸ்பியர் பெயரும் அதில் இருக்கிறது: பீர் காய்ச்சப் பயன்படும் முளைகட்டிய தானியமான மால்ட் 10 குவார்ட்டர், அதாவது அன்றைய முகத்தல் அளவில் 80 புஷல். பசித்தவன் எந்தக் களஞ்சியத்தைக் காட்டிக் கத்துவான் என்று அவருக்குத் தெரியும். அதில் ஒன்று அவருடையது. அந்த முதல் காட்சிக்கு நார்த்தின் எந்தப் பக்கம் மூலம் என்று எதிரணித் தோழர்கள் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.