ஐந்தில் மூன்று: அமெரிக்காவை உள்நாட்டுப் போரில் தள்ளிய கணக்கு

[திரையில்: 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள். வர்ஜீனியா, பென்சில்வேனியா என்ற இரண்டு வரிகள் மட்டும் ஒளிர்கின்றன.]

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். பேப்பர், பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1790இல் அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. வர்ஜீனியாவில் 7,47,610 பேர். அவர்களில் 2,92,627 பேர் அடிமைகள். கழித்தால் மீதி 4,54,983. வடக்கே பென்சில்வேனியாவில் மொத்தம் 4,34,373 பேர், அடிமைகள் 3,737 பேர்தான். ஆக, அடிமைகளைக் கழித்துவிட்டால் இரண்டு மாநிலங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 33,000 பேருக்கு ஓர் இடம் என்று பிரித்தார்கள். பென்சில்வேனியாவுக்கு 13 இடம் கிடைத்தது. வர்ஜீனியாவுக்கு 19.

அந்த ஆறு இடம் எங்கிருந்து வந்தது?

1787இல் அரசியல் சாசனத்தை எழுத உட்கார்ந்தபோது, அடிமைகளையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தென் மாநிலங்கள் கேட்டன. உங்கள் ஊரில் சொத்து என்று விற்று வாங்குகிறவர்களை எங்களிடம் மட்டும் மக்கள் என்று கணக்குக் காட்டுவீர்களா என்று வடக்கத்திக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் பேரம் படிந்த இடம், ஐந்தில் மூன்று. 2,92,627இல் ஐந்தில் மூன்று 1,75,576. அதை 4,54,983உடன் கூட்டினால் 6,30,559. 33,000ஆல் வகுத்துப் பாருங்கள், 19 வரும்.

ஐந்தில் மூன்றாக எண்ணப்பட்டவருக்கு வாக்கு கிடையாது, கோர்ட்டில் வெள்ளைக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது, பெற்ற பிள்ளை மேல் உரிமை கிடையாது. அவர் உயிரோடு இருப்பதே அவரை வைத்திருப்பவரின் அரசியல் பலத்தைக் கூட்டியது. சாசனத்தைத் தேடிப் பார்த்தால் ‘அடிமை’ என்ற சொல்லே இருக்காது, ‘மற்ற நபர்கள்’ என்றுதான் இருக்கும். எழுதியவர்களுக்கே அந்தச் சொல்லை எழுதக் கை கூசியிருக்கிறது. எழுத்தில் கூசியது, கணக்கில் கூசவில்லை.

இந்தக் கூடுதல் பலம் சபையோடு நிற்கவில்லை. அதிபர் தேர்தலில் ஒரு மாநிலத்துக்கு உள்ள தேர்வாளர் வாக்கு என்பது அதன் பிரதிநிதிகளும், மேல்சபையான செனட்டில் அதற்குள்ள இரண்டு செனட்டர்களும் சேர்ந்த எண்ணிக்கை. 1800 தேர்தலில் தெற்கின் ஜெஃபர்சன் 73, வடக்கின் ஆடம்ஸ் 65. ஐந்தில் மூன்று விதி தந்த வாக்குகளைக் கழித்தால் ஆடம்ஸ்தான் வென்றிருப்பார்.

[திரையில்: பருத்திக் காய் வெடித்து, பஞ்சுக்குள் பச்சைக் கொட்டை தெரிகிறது.]

சாசனம் எழுதிய காலத்தில், அடிமைமுறை மெல்ல மெல்லத் தானே தேய்ந்துவிடும் என்று நம்பியவர்கள் தெற்கிலும் இருந்தார்கள். புகையிலை மண்ணை உறிஞ்சிவிட்டது, லாபம் குறைந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் விளையும் குட்டை இழைப் பருத்தியிலோ பஞ்சு கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எளிதில் பிரிந்து வராது. ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிய்த்தாலும் ஒரு பவுண்டு சுத்தமான பஞ்சு தேறும், அவ்வளவுதான்.

1793இல் எலி விட்னி ஒரு எந்திரம் செய்தார். உருளை ஒன்றில் வரிசையாகக் கம்பிப் பற்கள். எதிரே குறுகலான இடுக்குகள் உள்ள தடுப்பு. பற்கள் பஞ்சைப் பிடித்து இடுக்கு வழியே இழுக்கும், கொட்டை நுழைய முடியாமல் இந்தப் பக்கமே விழும். பின்னால் எதிர்த்திசையில் சுற்றும் பிரஷ் உருளை பஞ்சைத் துடைத்துத் தள்ளும். நாளைக்கு 50 பவுண்டு. நம் ஊர் ஜின்னிங் ஃபேக்டரிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்காது.

கொட்டை நீக்கும் வேலைதான் எந்திரத்துக்குப் போனது. விதைப்பது, களையெடுப்பது, பறிப்பது எல்லாம் கைவேலையாகவே இருந்தன. அரவை வேகமானதால் பறிக்க இன்னும் பல மடங்கு கைகள் தேவைப்பட்டன. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 39.5 லட்சம். 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. அதன் பிறகு வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி, அலபாமா, லூசியானா பருத்திக் காடுகளுக்கு உள்நாட்டு வியாபாரம் நடந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இப்படிப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள். தாய் ஒரு மாநிலத்தில், மகன் இன்னொரு மாநிலத்தில். சங்கிலியில் பிணைத்து நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கூட்டிப்போன குழுக்களும் உண்டு.

போருக்குச் சற்று முன் இந்த மனிதர்களுக்குப் போட்டிருந்த சந்தை விலையைக் கூட்டினால் 300 கோடி டாலருக்கும் மேல். நாட்டின் ரயில்பாதைகளிலும் ஆலைகளிலும் போட்ட முதலைச் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வரும் ஒவ்வொரு சண்டையிலும் இதுதான் பின்னால் நிற்கிறது.

[திரையில்: வரைபடம். 11 மாநிலங்கள் ஒரு நிறம், 11 மாநிலங்கள் வேறு நிறம். நடுவில் மிசூரி நிறமில்லாமல்.]

1819. அடிமைமுறை இல்லாத மாநிலம் 11, உள்ள மாநிலம் 11. வடக்கில் மக்கள்தொகை வேகமாக வளர்ந்ததால், ஐந்தில் மூன்று சலுகை இருந்தும் பிரதிநிதிகள் சபையில் வடக்குக்கு 105, தெற்குக்கு 81. செனட்டில் மட்டும் மாநிலத்துக்கு இரண்டு பேர், பெரிதோ சிறிதோ. அங்கே சரிக்குச் சரி. தெற்கின் பூட்டு அந்தச் செனட்.

இந்த நேரத்தில் மிசூரி, மாநிலமாகச் சேர விண்ணப்பித்தது. புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, அங்கே பிறக்கும் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும் என்று நியூயார்க் பிரதிநிதி ஜேம்ஸ் டால்மட்ஜ் திருத்தம் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் விழுந்தது. இரு சபையும் பிராந்தியவாரியாக இரண்டாகப் பிளந்து நின்றன.

1820இல் சமரசம். மிசூரி அடிமை மாநிலமாகவும் மெய்ன் அடிமைமுறை இல்லாத ‘சுதந்திர மாநில’மாகவும் சேரும், 12க்கு 12. பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அட்சரேகையில் ஒரு கோடு. அதற்கு வடக்கே, மிசூரி தவிர, அடிமைமுறை கூடாது. கோடு 34 ஆண்டுகள் தாங்கியது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் புதிய நிலம் வந்தாலும் ‘இது யார் கணக்கில்?’ என்பதே முதல் கேள்வி ஆனது.

1848இல் மெக்சிகோ போர் முடிந்து கலிஃபோர்னியா வரை நிலம் கைக்கு வந்தபோது மறுபடி அதே கேள்வி. 1850இல் இன்னொரு பேரம். கலிஃபோர்னியா சுதந்திர மாநிலம், பதிலுக்குத் தெற்குக்குக் கடுமையான தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பில் அவரே சாட்சி சொல்லவும் முடியாது. ஒரு கமிஷனர் தீர்மானிப்பார். உரிமை கேட்டு வந்தவரிடமே ஒப்படைத்தால் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். ஒப்படைத்தால் எழுத்துவேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அடைக்கலம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வழியில் போகிறவரையும் பிடிக்க உதவும்படி அதிகாரி கட்டளையிடலாம். அதுவரை அடிமைமுறையை எங்கோ தூரத்து விஷயமாக நினைத்த வடக்கத்திக்காரரின் வாசற்படிக்கே அது வந்துவிட்டது.

1854 ஜூன் 2, பாஸ்டன். வர்ஜீனியாவிலிருந்து தப்பிவந்த அந்தோனி பர்ன்ஸ் என்ற இளைஞரைத் துறைமுகத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு மனிதருக்காகத் தெரு நெடுக ராணுவம். கட்டடங்களில் கறுப்புத் துணி. தெருவுக்குக் குறுக்கே ஒரு சவப்பெட்டி தொங்கியது, அதன் மேல் ‘சுதந்திரம்’ என்று எழுதியிருந்தது. மறு ஆண்டு பாஸ்டன் மக்கள் பணம் திரட்டி அவரை விலைகொடுத்து மீட்டார்கள்.

[திரையில்: அதே வாரத்து நாள்காட்டி. மே 30 வட்டமிடப்படுகிறது.]

பர்ன்ஸ் கப்பல் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பு, கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டத்தில் அதிபர் கையெழுத்துப் போட்டிருந்தார். செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்தது. 1820ஆம் ஆண்டுக் கோடு ரத்து, அடிமைமுறை வேண்டுமா என்பதை, இன்னும் மாநிலமாகாத கான்சஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்றது சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் குடியேறியவர், எத்தனை நாள் தங்கினால் வாக்கு என்பதற்கு உறுதியான வரையறை இல்லை. தேர்தலில் ஆள் கூட்டி ஜெயிக்கலாம் என்று சட்டமே வழி திறந்துவிட்டது. நடந்ததும் அதுதான். 1855 மார்ச்சில் கான்சஸில் தகுதியுள்ள வாக்காளர் 2,905 பேர். பதிவான வாக்குகள் 6,307. மிசூரியிலிருந்து துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இப்படி அமைந்த சட்டமன்றம், இங்கே அடிமைகளை வைத்திருக்க உரிமை இல்லை என்று பேசினாலே இரண்டு ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல் என்று சட்டம் போட்டது. எதிர்த்தரப்பு போட்டி அரசு அமைத்தது. 1856 மே 21இல் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. 24ஆம் தேதி இரவு, ஜான் பிரவுன் தலைமையில் ஒரு குழு அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வெட்டிக் கொன்றது.

இடையில் மே 22. செனட் மன்றத்திலேயே தன் மேசையில் எழுதிக்கொண்டிருந்த, அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரை, தென் கரோலினா பிரதிநிதி பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்தார். மேசை தரையோடு திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது, கால்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. சம்னர் மேசையையே பெயர்த்துக்கொண்டு எழுந்து, ரத்தம் வழிய விழுந்தார். மன்றத்துக்கு முழுமையாகத் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. புரூக்ஸுக்குத் தெற்கிலிருந்து புதிய கைத்தடிகள் பரிசாக வந்தன. பேசித் தீர்க்க வேண்டிய இடமே அடிதடிக்களமாகிவிட்டது.

மீதமிருந்த வழி நீதிமன்றம். டிரெட் ஸ்காட் என்ற அடிமை, அடிமைமுறை தடைசெய்யப்பட்ட பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர், அதனால் தான் சுதந்திர மனிதன் என்று 1846இல் வழக்குப் போட்டார். 11 ஆண்டுகள் இழுத்தடித்து, 1857 மார்ச் 6இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ரோஜர் டேனி எழுதியது இரண்டு விஷயம். கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. இன்னும் மாநிலமாகாத பகுதிகளில் அடிமைமுறையைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. சண்டையை முடிக்கப்போவதாக நினைத்துத் தீர்ப்பு எழுதினார்கள். புதிய நிலத்தில் அடிமைமுறை பரவக் கூடாது என்பதற்காகவே 1854இல் தொடங்கிய குடியரசுக் கட்சியின் அடிப்படைக் கொள்கையையே அது சட்டவிரோதம் ஆக்கியது. இனிச் சமரசம் செய்ய நாடாளுமன்றத்தின் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

1860 தேர்தலில் அந்தக் குடியரசுக் கட்சியின் லிங்கன் வென்றார். மக்கள் வாக்கில் 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, தேர்வாளர் வாக்கு மொத்தம் 303இல் 180. தெற்கே பத்து மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே கிடையாது. இருந்தும் ஜெயித்தார். தெற்கு பயந்தது இதற்குத்தான். மாநிலக் கணக்கு அப்போது 18க்கு 15. செனட் பூட்டு உடைந்திருந்தது, இப்போது அதிபர் பதவியும் அவர்கள் தயவில்லாமல் கிடைத்துவிட்டது. இருக்கும் இடத்தில் அடிமைமுறையைத் தொடமாட்டேன் என்று லிங்கன் திரும்பத் திரும்பச் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. 1860 டிசம்பர் 20இல் தென் கரோலினா 169க்கு 0 என்ற வாக்கில் பிரிந்தது. பிப்ரவரி தொடக்கத்துக்குள் ஏழு மாநிலங்கள்.

இது அடிமைமுறைக்கான போர் அல்ல, மாநில உரிமைக்கான போர் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களால் இதை ஏற்க முடியாது. பிரிந்தவர்கள் எழுதிவைத்த காரணங்களைப் படித்தாலே போதும். அடிமைமுறையோடு தங்கள் நிலை முழுமையாக ஒன்றிவிட்டது என்று மிசிசிப்பி முதல் வரிகளிலேயே சொல்கிறது. தப்பியோடியவர்களைத் திருப்பித் தராமல் வடமாநிலங்கள் சொந்தச் சட்டம் போடுகின்றன என்பது தென் கரோலினாவின் புகார். அதாவது, வடமாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான் குற்றம். பிரிந்த மாநிலங்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்ட புதிய அரசியல் சாசனம் அடிமைச் சொத்துரிமையைப் பறிக்கும் சட்டம் எதையும் தன் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுத்தது. இந்த முறை ‘அடிமை’ என்ற சொல்லை எழுத யாருக்கும் கை கூசவில்லை.

[திரையில்: சார்ல்ஸ்டன் துறைமுகம். நடுவில் செங்கல் கோட்டை.]

தென் கரோலினாவின் சம்டர் கோட்டையில், லிங்கன் அரசின் மேஜர் ராபர்ட் ஆண்டர்சனின் சிறு படையிடம் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. உணவு மட்டும் அனுப்புகிறேன் என்று லிங்கன் அந்த மாநில ஆளுநருக்குத் தகவல் கொடுத்தார். 1861 ஏப்ரல் 12 விடிகாலை 4.30க்குத் தெற்கின் பீரங்கிகள் முழங்கின. உள்ளே வெடிமருந்துப் பைகள் தீர்ந்து, சட்டையையும் போர்வையையும் வெட்டிப் பை தைத்துச் சுட்டார்கள். 34 மணி நேரத்தில் கோட்டை விழுந்தது. லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார். மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன.

நான்கு ஆண்டுகள், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகள். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனதால் கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் விலை ஏறியது. வடக்கின் படையில் சுமார் 1.8 லட்சம் கறுப்பினத்தவர் போரிட்டார்கள். 1865 டிசம்பரில் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

[திரையில்: மீண்டும் 1790 தாள். ‘ஐந்தில் மூன்று’ அடிக்கப்படுகிறது.]

1868இல் 14ஆம் திருத்தம் ஐந்தில் மூன்றை நீக்கியது. இனி ஒவ்வொருவரும் முழு ஆளாகக் கணக்கில் வருவார். இதனால் தெற்குக்கு இடங்கள் கூடும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஆகவே, ஆண்களுக்கு வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்துக்கு அந்த அளவுக்கு இடங்கள் குறையும் என்றும் அதே திருத்தத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1890இல் மிசிசிப்பி தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்துக் கறுப்பின வாக்காளர்களை வெளியே தள்ளியது, மற்ற தென் மாநிலங்களும் தொடர்ந்தன. அவர்களின் தலைக்கணக்கில் கிடைத்த இடங்கள் அந்த மாநிலங்களிடமே இருந்தன. இடம் குறைக்கும் பிரிவு எந்த மாநிலத்தின் மீதும் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.