மாட்சா பபிள் டீ: முத்து ஏன் கரைகிறது, டீ ஏன் கசக்கிறது?

அடுத்த கேள்வி தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். “அக்கா, பத்தாவது படிக்கிற என் பொண்ணு ஆசைப்பட்டாள் என்று மாட்சா பபிள் டீ செய்தேன். மரவள்ளி மாவில் உருட்டிய முத்தெல்லாம் கரைந்து கஞ்சியாகிவிட்டது. மாட்சாவும் கட்டி கட்டியாக நின்று ஒரே கசப்பு. பேசாமல் ஜவ்வரிசியே போட்டுவிடலாமா?”

பபிள் டீ என்றால் மெல்லுகிற மரவள்ளி முத்து போட்ட பால் டீ, மாட்சா என்பது ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி. இதில் பாதி வேலை தண்ணீரின் சூட்டில்தான் இருக்கிறது. முத்துக்குத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் வேண்டும். மாட்சாவுக்கு அந்தக் கொதி ஆகவே ஆகாது. நிறைய பேர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள்.

முதலில் மாவைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து அப்படியே அரைத்த மாவு வேறு, கிழங்குப் பாலைத் தெளியவைத்து, அடியில் படிந்ததைக் காயவைத்து எடுக்கிற ஸ்டார்ச் வேறு. நமக்கு வேண்டியது ஸ்டார்ச். பாக்கெட்டில் பெயர் குழப்பமாக இருந்தால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள், ஸ்டார்ச் என்றால் நறநறவென்று சத்தம் வரும். சவுகார்பேட்டை மொத்தக் கடைகள் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள்.

100 கிராம் ஸ்டார்ச்சுக்கு 60 கிராம் வெல்லம், 60 மில்லி தண்ணீர். கருப்பட்டி போட்டால் இன்னும் வாசனை. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதிக்கும்போதே இரண்டு ஸ்பூன் ஸ்டார்ச் போட்டுக் கிளறினால் பசை மாதிரி பளபளவென்று வரும். உடனே இறக்கி, மீதி ஸ்டார்ச்சைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே காரணம்தான். கோதுமை மாவு போல இது தானாக இழுத்துப் பிடிக்காது. வெந்த கொஞ்சம் ஸ்டார்ச்தான் வேகாத மீதியைக் கட்டிப் பிடிக்கும். பாகு ஆறிப்போயிருந்தால் அந்தப் பிடிப்பு வராது. எப்படித் தெரியும் என்றால், அழுத்தும்போது கெட்டியாக இருக்கும், கையைத் திறந்தால் விரலிடுக்கில் வழிந்து ஓடும். உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். அந்த மாவை அப்படியே உருட்டிப் போடாதீர்கள். ஒரு பிடி எடுத்து அடுப்பில் வைத்துக் கிளறிப் பசையாக்கி, மீதியோடு சேர்த்துப் பிசைந்தால் தேறிவிடும்.

கொண்டைக்கடலையைவிடச் சின்னதாக உருட்டுங்கள், வெந்தால் ஊதும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதித்த பிறகே போட வேண்டும். மேலே மிதந்து வந்ததும் தீயைக் கொஞ்சம் குறைத்து 20 நிமிடம், அப்புறம் அடுப்பை அணைத்து மூடி போட்டு இன்னொரு 20 நிமிடம். ஒன்றை எடுத்து நறுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. வெந்ததை வடித்து, கெட்டியான வெல்லப் பாகில் ஊறவிடுங்கள்.

ஜவ்வரிசி போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். சேலம் பக்கத்திலிருந்து நமக்கு வருகிற ஜவ்வரிசியும் மரவள்ளி ஸ்டார்ச்தான். ஆனால் பல்லில் மெல்லுகிற அந்த இழுவை கிடைக்காது, பாயசம் குடித்த மாதிரி இருக்கும். தைவானில் 1980களில் இந்தப் பானம் பிரபலமானதே அந்த மெல்லுகிற சுகத்துக்காகத்தான். அதனால் என்னைக் கேட்டால் முத்து உருட்டுவதே சரி.

இப்போது மாட்சா. கிரீன் டீயை மிக்சியில் அரைத்தால் மாட்சா ஆகிவிடாது. ஜப்பானில் பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். அந்த நிழலில்தான் இலை நல்ல பச்சையாகும், கசப்பு குறையும். பிறகு ஆவியில் காட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திரிகையில் அரைக்கிறார்கள். இவ்வளவு பக்குவமாக வந்த பொடியில் கொதிக்கிற தண்ணீரைக் கொட்டினால் கசப்புதான் முந்திக்கொண்டு வரும். சுமார் 80 டிகிரி போதும். கொதித்த தண்ணீரை டம்ளரிலும் டவராவிலும் இரண்டு ஆற்று ஆற்றி, ஒரு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கமெல்லாம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், அதற்குக் கேன் தண்ணீரே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி விழாமல் இருக்க டீ வடிகட்டியில் பொடியைச் சலித்துவிட வேண்டும். இதை மட்டும் விடவே கூடாது. ஒரு டம்ளருக்கு 2 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். 60 மில்லி தண்ணீர் விட்டு, சுற்றிச் சுற்றிக் கலக்காமல் முன்னும் பின்னுமாக வேகமாக அடித்தால் மேலே நுரை கட்டும்.

அப்புறம் டம்ளரில் முத்து, ஐஸ், காய்ச்சிக் குளிரவைத்து ஆடை நீக்கிய பால், கடைசியில் மாட்சா. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் நன்றாக இருக்கும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அகலமான பேப்பர் ஸ்ட்ரா கிடைத்தால் சரி, இல்லையென்றால் ஸ்பூன் போதும்.

பொண்ணுக்குச் சாயங்காலத்துக்குமேல் கொடுக்காதீர்கள். மாட்சாவில் இலையையே குடிக்கிறோம், காஃபின் நன்றாகவே இருக்கும், ராத்திரி தூக்கம் கெடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கு முத்து வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மீந்த முத்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வைத்தால் கெட்டியாகிவிடும், வெந்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நிறையச் செய்து வைக்க வேண்டுமென்றால் வேகவைக்காத முத்தில் ஸ்டார்ச் தூவிப் பிரட்டி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது வெளியே எடுத்து இளகவிடாமல், உறைந்தபடியே கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.