சுவர் இடியவே இல்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். காதல் நகைச்சுவைப் படங்கள் ஏழை பணக்காரர் என்ற சுவரை இடிக்கின்றனவா, மூடி மறைக்கின்றனவா என்பது கேள்வி. மறைக்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் 1934இல் வந்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தைச் சொன்னார். கோடீஸ்வரர் மகள், வேலை போன நிருபர் ஒருவரைக் கட்டிக்கொள்கிறாள், காதல் காசு பார்க்குமா என்று கேட்டார். அருமையான படம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெண்ணின் அப்பாவுக்கு மாப்பிள்ளையை எப்போது பிடிக்கிறது? மகளைக் கண்டுபிடித்தால் 10,000 டாலர் என்று அறிவித்திருக்கிறார். நிருபர் அதைத் தொடவில்லை. கைக்காசு செலவான 39 டாலர் 60 சென்ட்டை மட்டும் கணக்குப் போட்டுக் கேட்கிறார். அங்கேதான் அப்பாவின் மனசு குளிர்கிறது. யோசித்துப் பாருங்கள். 'உங்கள் பணம் எனக்கு வேண்டாம்' என்று பரீட்சை எழுதித் தேறினால்தான் ஏழைக்கு அந்த வீட்டு வாசல் திறக்கிறது. அந்த வீட்டுப் பணம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, அது பழைய கதை. 1990இல் வந்த 'ப்ரெட்டி உமன்' படத்துக்கு வருவோம். பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கும் பெரும் பணக்காரருக்கும் காதல். முதலில் எழுதிய திரைக்கதைக்குப் பெயரே '3000'. ஒரு வாரம் உடன் இருக்க அவளுக்குப் பேசிய தொகை அது. அந்தக் கதையில் இருவரும் சேரவில்லை. பணத்தோடு அவளை விட்டுவிட்டு அவர் போய்விடுகிறார். படமாகும்போது முடிவை மாற்றிவிட்டார்கள். எது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது என்று நடுவருக்கே தெரியும்.

அந்தக் கடைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். உடையைப் பார்த்து எடைபோட்டு, விற்பனைப் பெண்கள் அவளை வெளியே அனுப்புகிறார்கள். மறுநாள் அவரது பணத்தில் வாங்கிய பைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு அதே கடைக்கு வந்து, உங்களுக்குக் கமிஷன்தானே என்று கேட்டு, பெரிய தப்பு செய்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அரங்கமே கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன். அப்புறம்தான் உறைத்தது. அடி யார்மேல் விழுந்தது? கடை முதலாளிமேலா? விற்றால்தான் கையில் காசு என்று நிற்கிற இன்னொரு சம்பளக்காரிமேல்! நேற்று அவமானப்பட்டவள் சுவரைத் தாண்டிவிட்டாள், தாண்டிய வேகத்தில் கீழே நிற்பவளை உதைத்துவிட்டும் போகிறாள். படம் அதைக் காதலின் வெற்றி என்று காட்டுகிறது.

சுவர் இடிந்துவிட்டது என்கிறீர்களே, அந்த விற்பனைப் பெண் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறாள்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதை மட்டும் சொல்லட்டும், நடுவர் அவர்களே.