கொலைப்பழி விழுந்த பெயின்டர்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை எடுத்தால் எல்லோரும் ரஸ்கோல்னிகோவைப் பற்றித்தான் பேசுவார்கள். படிப்பைப் பாதியில் விட்ட மாணவன். அடகு பிடிக்கும் கிழவியையும் அவள் தங்கையையும் கோடரியால் வெட்டியவன். 1866-இல் தொடராக வந்த இந்தக் கதையை எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் நீங்களும் படித்திருக்கலாம். நான் பேச வந்தது அதில் கொஞ்ச நேரமே தலைகாட்டும் ஒரு பெயின்டரைப் பற்றி. பெயர் நிகோலாய். ரியாசான் பக்கத்துக் கிராமத்திலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்குப் பிழைக்க வந்த பையன். செய்யாத கொலைக்கு மாட்டிக்கொண்டவன்.

கிழவி குடியிருந்த கட்டடத்தில், கீழே காலியாக இருந்த ஒரு வீட்டுக்கு அவனும் கூட்டாளி மீத்ரியும் பெயின்ட் அடிக்கிறார்கள். மீத்ரி விளையாட்டாக இவன் முகத்தில் பெயின்டைப் பூசிவிட்டு ஓட, இவன் கத்திக்கொண்டே துரத்துகிறான். இருவரும் வாசலில் கட்டிப் புரள்கிறார்கள். போகிற வருகிறவர்கள் திட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கொலைகாரன் மேலிருந்து இறங்கி, இவர்கள் விட்டுவிட்டு ஓடிய வீட்டில் கதவுக்குப் பின்னால் பதுங்குகிறான். திருடிய கம்மல் பெட்டி ஒன்று அங்கே விழுந்துவிடுகிறது. திரும்பி வந்த நிகோலாய் அதை எடுத்துக்கொண்டு ஊர்க்காரன் துஷ்கினின் சாராயக் கடைக்குப் போய், தெருவில் கிடந்தது என்று சொல்லி ஒரு ரூபிள் வாங்குகிறான்.

அந்த ஒரு பொய் போதும். கொலைச் செய்தி காதில் விழுந்ததும் முகம் வெளுத்து ஓடுகிறான். கழுத்திலிருந்த வெள்ளிச் சிலுவையைக் கொடுத்துக் குடித்துவிட்டு, ஒரு கொட்டகையில் இடுப்புக் கச்சையைச் சுருக்குப் போட்டுத் தொங்கப் போகும்போது பிடிபடுகிறான். போலீஸ் கேட்கிறது: ஏன் ஓடினாய்? பயந்துவிட்டேன். ஏன் தூக்கு மாட்டப் போனாய்? யோசனையில். என்ன யோசனை? எனக்குத் தண்டனை கொடுத்துவிடுவார்களே என்று.

நாவலிலேயே என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான். குற்றம் செய்தவன்தான் ஓடுவான் என்று போலீஸ் நினைக்கிறது. கேட்க நாதியில்லாதவன் செய்யாத குற்றத்துக்கும் ஓடத்தான் செய்வான்.

அவனுக்காக ஒரே ஒருவன் வாதாடுகிறான், ரஸ்கோல்னிகோவின் நண்பன் ரஸுமிகின். மேலே இரண்டு உடல்களின் சூடுகூட ஆறவில்லை; அந்த நிமிஷத்தில் இவர்கள் வாசலில் குழந்தைகள் மாதிரிச் சிரித்துப் புரண்டிருக்கிறார்கள்; கொலை செய்த கையோடு யாரால் அப்படிச் சிரிக்க முடியும் என்று கேட்கிறான். கைரேகைச் சோதனை எல்லாம் இல்லாத காலம். சிரிப்பையே சாட்சிக்கு அழைக்கிறான். இதையெல்லாம் உண்மைக் கொலைகாரன் பக்கத்திலேயே படுத்தபடி கேட்கிறான். கம்மல் கதவுக்குப் பின்னால் கிடந்தது என்றதும் துள்ளி எழுகிறான், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பையன் தப்பித்திருப்பான்.

அப்புறம் வருவது இன்னும் கொடுமை. விசாரணை அதிகாரி போர்ஃபிரி, ரஸ்கோல்னிகோவை வார்த்தையால் சுற்றி வளைத்திருக்கும் நேரத்தில் நிகோலாய் உள்ளே வந்து மண்டியிட்டு, நான்தான் கொன்றேன் என்கிறான். ரஷ்யாவில் 1864-இன் நீதித்துறைச் சீர்திருத்தம் வரும்வரை, ஆதாரங்களிலேயே உயர்ந்தது ஒப்புதல் வாக்குமூலம்தான். புதிய நீதிமன்றங்கள் பீட்டர்ஸ்பர்க்கில் திறந்ததே 1866-இல். வேறொரு அதிகாரியாக இருந்தால் அத்தோடு வழக்கை முடித்திருப்பார். போர்ஃபிரியோ, இவன் சொந்த வார்த்தையைப் பேசவில்லை என்று முணுமுணுக்கிறார். நிகோலாய் பழைய மதப்பிரிவு ஒன்றில் வளர்ந்தவன், ஒரு பெரியவரிடம் இரண்டு வருடம் இருந்தவன், எந்தத் துன்பமானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நம்புகிறவன் என்று பிறகு விளக்குகிறார். பைபிள் படித்தே கிடந்த ஒரு கைதி, துன்பத்தைத் தேடிக்கொள்வதற்காகவே சிறை அதிகாரி மேல் படாதபடி செங்கல்லை எறிந்த கதையையும் சொல்கிறார். இதை எழுதிய தஸ்தயெவ்ஸ்கியே சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருடம் இருந்தவர். அப்பாவைக் கொன்றதாகத் தண்டனை பெற்று, பத்து வருடம் கழித்து நிரபராதி என்று தெரியவந்த ஒருவனும் அங்கே அவரோடு இருந்தான்.

கடைசியில் ரஸ்கோல்னிகோவ் தானே சரணடைகிறான். எட்டு வருடக் கடுங்காவல். செய்த கொலைக்குக் குறைவான தண்டனை. குறைந்ததற்கு ஒரு காரணம், வேறொருவன் பொய்யாக ஒப்புக்கொண்டு வழக்கே குழம்பிக் கிடந்தபோது இவன் வந்து உண்மையைச் சொன்னது. நிகோலாய் பட்ட பாடு மாணவனுக்குச் சலுகையாகப் போய்ச் சேர்கிறது. நிகோலாய் வெளியே வந்தானா, ரியாசானுக்குப் போனானா, மீத்ரியோடு மறுபடி வேலைக்கு நின்றானா? ஒரு வரிகூட இல்லை. ரஸ்கோல்னிகோவ் மனம் திரும்புவதை அவ்வளவு நிதானமாக எழுதியவர் இந்தப் பையனை அப்படியே விட்டுவிட்டாரே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

நாவல் உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டாம் பாகத்தின் நான்காவது அத்தியாயம், நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயம், ஆறாம் பாகத்தின் இரண்டாவது அத்தியாயம் மூன்றையும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். நிகோலாயின் கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.