அயலார் எழுத வேண்டிய கடிதம்

அவைத் தலைவர் அவர்களே, வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளிலும் முதியோர் ஒன்றுகூடல்களிலும் ஊதியம் பெறாமல் உழைத்துவரும் தொண்டர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிரித்தானியாவில் தொண்டர் குழுக்களுக்கு வழங்கப்படும் மிக உயர்ந்த விருதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இரண்டாம் எலிசபெத் மகாராணியார் அரியணையேறியதன் பொன்விழாவை ஒட்டி 2002ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட அவ்விருது, அவருடைய மறைவுக்குப் பின்னர் மன்னரின் தன்னார்வத் தொண்டு விருது என்ற பெயரில் தொடர்கிறது. பெயர்களை அறிவிக்கும் நாளும் மகாராணியார் முடிசூடிய ஜூன் 2இலிருந்து சார்ள்ஸ் மன்னரின் பிறந்தநாளான நவம்பர் 14க்கு மாறியிருக்கிறது. தனிமனிதர்களின் சேவைக்காக மன்னர் பெயரால் வழங்கப்படும் எம்.பி.இ. என்ற கௌரவப் பட்டத்துக்கு நிகராக இது மதிக்கப்படுகிறது. பணமுடிப்பு கிடையாது. மன்னர் கையொப்பமிட்ட சான்றிதழும் ஒரு கண்ணாடிப் படிக நினைவுச் சின்னமும் வழங்கப்படும். குழுவின் சார்பில் இருவர் அரச மாளிகைத் தோட்ட விருந்துக்கு அழைக்கப்படுவர்.

பெயர் மன்னருடையது என்றாலும், இவ்விருதின் உயிர்நாடி அந்தந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் மன்னரின் பிரதிநிதியாக லோர்ட் லெப்டினன்ட் என்றொருவர் இருக்கிறார். எட்டாம் ஹென்றி காலத்தில், உள்ளூர்ப் படை திரட்டுவதற்காகத் தோன்றிய பதவி அது. அன்று ஆட்களைப் போருக்கு அழைத்த பதவிக்குரியவர்களின் துணைப் பிரதிநிதிகள் இன்று, விருதுக்கு முன்மொழியப்பட்ட குழுவைத் தேடி வந்து, சமூக மண்டபத்தின் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, "உங்கள் தொண்டர்கள் எங்கிருந்து வருகிறார்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, கணக்கை யார் பார்க்கிறார்கள்?" என்று விசாரிக்கிறார்கள். வரலாற்றின் இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் நேரில் கண்டறிந்தவற்றைக் கொண்டு வட்டாரக் குழு மதிப்பிட, அதன்பின் தேசியத் தேர்வுக்குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, இறுதியில் மன்னர் ஒப்புதல் அளிக்கிறார். அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் 200க்கும் மேற்பட்ட குழுக்கள் இவ்வாறு தெரிவாகியுள்ளன.

தகுதி விதிகள் கடினமானவை அல்ல. குறைந்தது மூவர் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் தொண்டர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய பணியால் இந்நாட்டில் உள்ளூர் மக்கள் பயனடைய வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சற்றுக் கவனியுங்கள். தாயகத்தில் நம் ஊரிலுள்ள பாடசாலைக்குக் கட்டடம் எழுப்ப நிதி அனுப்பும் சங்கங்கள் நம்மிடையே பல உண்டு. அது பெரும் பணிதான். ஆயினும் இவ்விருது தேடுவது நாம் வாழும் தெருவுக்கு நாம் செய்ததையே.

விருது முழுக் குழுவுக்கும் உரியது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். நம்முடைய விழாக்களில் தலைவருக்கு ஒரு பொன்னாடை, செயலாளருக்கு ஒரு பொன்னாடை, சிறப்பு விருந்தினருக்கு இரண்டு. சனிக்கிழமை காலையில், வாடகைக்கு எடுத்த வகுப்பறையில் திங்கட்கிழமைக்காக ஆங்கில ஆசிரியர் பலகையில் எழுதிவைத்ததை அழித்துவிடாமல், பக்கத்தில் தாள் ஒட்டி உயிரெழுத்து எழுதிக் காட்டி, மாலையில் மேசைகளைப் பழைய வரிசைக்கே திருப்பி வைத்துவிட்டுப் போகும் அந்த அம்மாவை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. மதிப்பிட வருபவர்கள் தலைவரோடு பேசுவதோடு நில்லாமல் அவரையும் தேடிப் பேசுவார்களானால், நம்முடைய சங்கங்களுக்கு அதுவே பெரும் நன்மை.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்விருதுக்கு ஒரு குழு தன்னைத் தானே முன்மொழிய இயலாது. அக்குழுவின் தொண்டரோ ஊழியரோ அறங்காவலரோ அல்லாத ஒருவர் முன்மொழிய வேண்டும். அவ்வாறே வெளியாராக இருக்கும் வேறு இருவர் ஆதரவுக் கடிதம் எழுத வேண்டும். பயன்பெற்றவரும் எழுதலாம். நம்முடைய குழுக்கள் பல தடுமாறக்கூடிய இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுமலரைப் புரட்டினால் வாழ்த்துச் செய்திகள் பக்கம் பக்கமாக இருக்கும். எழுதியவர்கள் யாவரும் நம்மவர்கள், அவர்களுள் பலர் முன்னாள் செயற்குழு உறுப்பினர்கள். நமக்கு மண்டபம் தரும் பாடசாலையின் தலைமை ஆசிரியருக்கோ நம்மைக் கட்டண ரசீதில் காணும் பெயராக மட்டுமே தெரியும். அடுத்த தெருவிலுள்ள போலந்துக் குடும்பத்துக்குச் சனிக்கிழமை வாகன நெரிசலாக மட்டுமே தெரியும். இதை அவர்களுடைய அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. பொங்கல் விழாவுக்கு அவர்களை அழைத்தோமா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"விளம்பரம் தேடியா தொண்டு செய்கிறோம்?" என்பது நம்மில் பலர் உடனே எழுப்பும் மறுப்பு. அடக்கம் நல்லதுதான். ஆனால் நம் மேடைகளில் அடக்கத்துக்குப் பஞ்சம் இருப்பதை அனைவரும் அறிவோம் என்பதால், அந்த மறுப்பை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. காலனி ஆட்சியின் விளைவுகளை அனுபவித்த ஓர் இனம் மன்னர் பெயரால் வரும் விருதை ஏற்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது கனமான கேள்வி. அதை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறேன். விருதை வேண்டாம் என்பவர்களுக்கும் அந்த விதி கேட்கும் கேள்வி பொருந்தும்: நம்முடைய பணியைப் பற்றி வெளியார் இருவர் விவரமாக ஒரு பக்கம் எழுத முடியுமா?

இந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு. நம்மை நாம் முன்மொழிய முடியாது, பிறரை முன்மொழியலாம். வேலையிழந்த காலத்தில் நம்முடைய குடும்பங்களுக்கும் பொதி கட்டித் தந்த உணவு வங்கி, நம்முடைய முதியவர்களை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் வாகனச் சேவைத் தொண்டர்கள், நம் பிள்ளைகள் உதைபந்தாட்டம் பழகும் கழகம் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்குப் பயனாளிகளாகிய நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், நம்முடைய விருதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், அவர்களுள் எவரை முன்மொழிவது, கடிதங்களை எவர் எழுதுவது என்பதை முதல் விடயமாக நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.